மீட்டர் 12 காட்டுது, லைட் மங்குது: கார் வயரிங்கில் பார்த்த கேஸ்கள்

பழைய காரை எடுத்து ரெஸ்டோர் செய்கிறவர்கள் அதிகம் சொல்லும் புகார்: "கரன்ட் வருது, மீட்டர் 12 காட்டுது, ஆனா லோடு (பல்பு, மோட்டார் மாதிரி கரன்ட் இழுக்கிறது) ஒழுங்கா ஓடல." இந்த மாதிரி கேஸ்களை இங்கே போடுங்கள். எங்கே எவ்வளவு அளந்தது, எதை மாற்றியதும் சரியானது என்று எண்ணோடு சொன்னால்தான் அடுத்தவருக்கு உதவும்.

ஹெட்லைட் வேலை பார்ப்பவர்:

ஹெச்4 பல்பு, 60/55 வாட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட். ஹைபீம் எரியும்போது பல்பு ஹோல்டரில் அளந்தால் 11.9 தான். காணாமல் போன 2.3 வோல்ட்டைத் துண்டு துண்டாகத் தேடியதில் ஸ்விட்ச், டிம்மர் காண்டாக்டுகளில் 0.9, நீளமான ஒல்லி வயரில் 0.8, மட்கார்டில் துருப்பிடித்த எர்த் போல்ட்டில் 0.6.

பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறையாது, தோராயமாக வோல்ட்டேஜின் 3.4-வது அடுக்கில் குறையும். அதாவது 13.8-க்குப் பதில் 11.9 போனால் ஏறக்குறைய 40 சதவீதம் வெளிச்சம் போச்சு. இதைச் சரி செய்யாமல் 100 வாட் பல்பு போடுவது வீண். இழப்புதான் கூடும், ஹோல்டரும் உருகும்.

தீர்வு இரண்டு ரிலே (உள்ளே இருக்கும் காயிலுக்குக் கொஞ்சம் கரன்ட் கொடுத்தால் பெரிய கரன்ட்டை ஆன் செய்யும் ஸ்விட்ச்), டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு (ஹைபீம்) ஒன்று. ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 85-ம் 86-ம் காயில். பழைய ஹெட்லைட் வயர் இனி காயிலை மட்டும் இழுக்கும், அதுக்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. இரண்டு ஹைபீமும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர், அதனால் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர், ரிலேக்கு ஒரு 15 ஆம்பியர் ஃப்யூஸ் (நீலம்). ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கணும். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை, பல்பை அல்ல. ரிலே பக்கத்தில் ஃப்யூஸை வைத்துவிட்டால் பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயர் பாடியில் உரசினால் கேட்க ஆளில்லை. எர்த்தும் புதுசாக, அதே 2.5-ல் பேட்டரி நெகட்டிவுக்கே போகட்டும். வேலை முடிந்ததும் மொத்த இழப்பு 0.4-க்குள் வரணும்.

ஒரு எச்சரிக்கை. பல ஜப்பானியக் கார்களில் பல்பின் பொது முனையில் பாசிட்டிவ் நிற்கும், ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அங்கே ரெடிமேட் ரிலே செட்டை அப்படியே சொருகினால் ஒன்றும் எரியாது. 85-ஐ எர்த்தில் போடாமல், பழைய கப்ளரின் (பல்பில் சொருகும் கனெக்டர்) பொது வயருக்கும் டிம் (அல்லது பிரைட்) வயருக்கும் நடுவில் காயிலை இணைத்தால் இரண்டு வகைக் காரிலும் ஓடும். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் மட்டும் திசை முக்கியம். மாற்றிப் போட்டால் முதல் ஸ்விட்சிலேயே ஃப்யூஸ் போகும்.

செல்ஃப் மோட்டார், சார்ஜிங் பார்ப்பவர்:

மேலே அண்ணன் சொன்ன "துண்டு துண்டாக" என்பதுதான் எல்லாவற்றுக்கும் வழி. டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகாஓம். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12.6 காட்டும். லோடு இல்லாமல் அளந்த வோல்ட் எதையும் நிரூபிக்காது. 21 வாட் பல்பில் செய்த டெஸ்ட் லேம்ப் அந்த இடத்தில் மீட்டரைவிட உண்மை பேசும். (ஈசியூ எனும் இன்ஜின் கம்ப்யூட்டர், சென்சார் வயர்களில் அந்த லேம்பை வைக்காதீர்கள். மஞ்சள் கப்ளர் ஏர்பேக் லைன், அதில் எதையுமே வைக்கக் கூடாது.)

செல்ஃப் மெதுவாகச் சுற்றும் கேஸ். பேட்டரி புதுசு, செல்ஃப் பிரித்துப் பார்த்தும் சரி. மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணில் (கிளாம்பில் அல்ல, ஈயத் தூணிலேயே), மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவி போடச் சொன்னால் 1.4 வோல்ட். 0.3-க்கு மேல் போனாலே சந்தேகப்படணும். இன்ஜினை இறக்கி பெயின்ட் அடித்து ஏற்றிய கார் அது, எர்த் பட்டை பெயின்ட் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. இந்தக் கேஸுக்கு ஒரு அடையாளம் உண்டு: ஆக்ஸிலேட்டர் கேபிளோ சோக் கேபிளோ தொட்டால் சுடும், சில சமயம் உறை உருகிப் புகையும். எர்த் கிடைக்காத கரன்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) உட்காரும் இடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, பிறகு மேலே வாசலின் தடவினால் போதும். பாசிட்டிவ் பக்கம் பேட்டரித் தூணுக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவில் கிராங்க் செய்யும்போது 0.5 வரை பொறுக்கலாம்.

ஸ்டீரியோ, ஆக்சசரி போடுபவர்:

நாலு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாத கார். இதில் பேட்டரி மாற்றுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அதுவே தப்பு. நெகட்டிவைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டர் போட்டால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் திரும்ப விழித்துக்கொள்ளும், போதாக்குறைக்கு யாராவது சாவி போட்டால் மீட்டரின் 10 ஆம்பியர் ஃப்யூஸ் காலி. அதைவிட நல்ல வழி: பானெட் லாக்கையும் கதவு லாக்கையும் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளிப் பூட்டிவிட்டு (திறந்திருந்தாலும் மூடியதாகக் கார் நினைக்கும்), காரைப் பூட்டி அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டு, ஃப்யூஸைப் பிடுங்காமல் அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளப்பது. 0.0 என்றால் அந்த லைன் தூங்குகிறது. ஏதாவது எண் வந்தால் அங்கேதான் கரன்ட் ஓடுகிறது.

அந்தக் காரில் ஸ்டீரியோ ஃப்யூஸ்தான் காட்டியது. மஞ்சள் வயர் மெமரிக்கு, எப்போதும் 12 வோல்ட். சிவப்பு சாவிக்கு. போட்டவர் சாவி லைன் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருந்தார். செட் தூங்கவே இல்லை, 0.3 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர், 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் நாலு நாளில் பாதி போய்விடும். காரில் சாதாரணமாக 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இருக்கணும்.

எல்லா ஃப்யூஸும் 0.0 காட்டினால் ஆல்டர்னேட்டரின் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். டயோடு கசிந்தால் அது ஃப்யூஸ் பாக்ஸில் தெரியாது.

மீட்டர் கன்சோல் மாற்றுபவர்:

பழைய காரில் டாஷ் பல்புகளை எல்லாம் எல்ஈடி ஆக்கினால் சார்ஜிங் வராமல் போவதுண்டு. பேட்டரி விளக்கு வெறும் விளக்கல்ல. அதன் வழியாகப் போகும் கொஞ்சம் கரன்ட்தான் ஆல்டர்னேட்டரின் ரோட்டரை (உள்ளே சுற்றும் பாகம்) முதலில் காந்தமாக்குகிறது. எல்ஈடி 10, 20 மில்லிஆம்பியர்தான் விடும், ரேஸ் கொடுத்தாலும் எழும்பாமல் போகலாம். எல்ஈடி-க்குப் பக்கவாட்டில் 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் முடிந்தது. இண்டிகேட்டர் எல்ஈடி வேகமாக அடித்தால் 6 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அது 24 வாட் சூடு, பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருக்கிவிடும். எல்ஈடி-க்கென்றே உள்ள ஃப்ளாஷரே (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் யூனிட்) வாங்கிவிடுங்கள்.

ஹெட்லைட் வேலை பார்ப்பவர்:

இணைப்பைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். சால்டரா (ஈயம் உருக்கி ஒட்டுவது), கிரிம்பா (லக்கை டூலால் அழுத்திப் பிடிக்க வைப்பது)? காரில் கிரிம்ப்தான். சால்டர் இழைகளுக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் வயர் கம்பி மாதிரி விறைத்துப்போகும், இன்ஜின் அதிர்வில் சரியாக அங்கேயே முறியும். சால்டர் செய்தே ஆகணும் என்றால் இரண்டு பக்கமும் அரை அடிக்குள் வயரைக் கட்டி அசையாமல் நிறுத்துங்கள். கட்டிங் பிளேயரால் லக்கை நசுக்குவது கிரிம்ப் ஆகாது. அளவுக்கேற்ற பல் உள்ள ராட்செட் டூல் வேணும், அழுத்திய பிறகு கையால் பலமாக இழுத்துப் பார்க்கணும். அதுக்கு மேல் பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்). இன்ஜின் பேயில் இன்சுலேஷன் டேப் ஒரே கோடையில் பிசுபிசுத்து அவிழும்.