வேறு சபையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்றால் நாம் எப்படி ஒரே சரீரம்?

கடுகுவிதை:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதைக் கேட்கிறேன். எனக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பதினைந்து வயதில் அந்த விசுவாசத்தை நானே அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுத்தேன், அதிலிருந்து திருவிருந்தில் பங்கெடுத்து வந்தேன். திருமணமான பிறகு கணவரின் சபைக்குப் போகிறேன். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும்வரை எனக்கு அப்பமும் பாத்திரமும் கிடையாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நான்கு வருடமாகத் திருவிருந்துத் தட்டு என்னைத் தாண்டிப் போகிறது. எல்லோரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று கர்த்தர் யோவான் 17-இல் ஜெபித்தாரே, எபேசியர் 4-இல் "ஒரே ஞானஸ்நானம்" என்று இருக்கிறதே, எனக்கு எதற்கு இரண்டாவது?

பெரேயாக்காரன்:
சிஸ்டர், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "இரண்டாவது" என்ற வார்த்தையிலேயே நாம் பிரிந்துவிடுகிறோம். அப்போஸ்தலர் 2:41-இல் வசனத்தை ஏற்றுக்கொண்டவர்கள்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். கைக்குழந்தை எதை ஏற்றுக்கொண்டது? எங்களைப் பொறுத்தவரை நீங்கள் எடுக்கப்போவதுதான் முதலாவது. எங்களைப் பிரிவினைக்காரர்கள் என்கிறார்கள், சரி, 1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இதே விசுவாசத்துக்காக மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது? 1527 ஜனவரியில் அவர்களில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். செய்தது ரோமாபுரியின் கத்தோலிக்க சபை அல்ல, சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நகரத்தின் ஆட்சிமன்றம். ஊருக்கு ஒரே சபைதான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. அந்த மாதிரி ஐக்கியம் எங்களுக்கு வேண்டாம்.

அமைதிநதி:
எதற்கு இந்த வாக்குவாதம்? எந்தச் சபையும் இரட்சிக்காது, இயேசுதான் இரட்சிக்கிறார். உபதேசத்தை ஓரமாக வைத்துவிட்டு அன்பாக இருங்கள், போதும்.

கடுகுவிதை:
பிரதர், நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் என்னால் ஓரமாக வைக்க முடியவில்லை. அந்தக் குழந்தை ஞானஸ்நானம் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தால் முதல் மாதமே தண்ணீரில் இறங்கியிருப்பேன். நான் தேவனைத் தெரிந்துகொள்ளும் முன்பே அவர் என்னைத் தெரிந்துகொண்டார் என்பதற்கு அடையாளமாகத்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மறுபடி எடுத்தால், அது பொய் என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும். பழங்காலத்தில் வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோன தொனாத்துக்காரர்கள் மற்றவர்களுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுத்தபோது சபைப் பிதா அகஸ்டின் சொன்னதும் இதுதானே? கொடுத்த கை யாருடையதாக இருந்தாலும் ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது.

பெரேயாக்காரன்:
அதே அகஸ்டின்தான் பிற்பாடு தொனாத்துக்காரர்களை அடக்க அரசாங்கத்தின் கையை ஆதரித்தார். அதையும் சேர்த்துப் படியுங்கள். அமைதிநதி பிரதருக்கு ஒன்று: சத்தியத்தில் வித்தியாசம் வந்தால் வாயை மூடிக்கொள்வது அன்பு இல்லை. கலாத்தியர் 2-இல் பவுல் பேதுருவையே முகமுகமாக எதிர்த்தார்.

பழைய ஏடு:
தம்பி, நீங்கள் காட்டிய இடத்தையே முழுதாகப் பாருங்கள். பேதுரு அங்கே செய்த தவறு என்ன? புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சிலர் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். பவுல் கண்டித்தது பந்தியை விட்டு எழுந்தவரை. இன்னும் தகுதி வேண்டும் என்று பந்தியிலிருந்து ஆட்களைத் தள்ளியவர்களின் பக்கம் பவுல் நிற்கவில்லை.

அதே சமயம் உங்கள் முன்னோர் பட்ட பாட்டை நான் லேசாக எடுக்கவில்லை. 2010-இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லூத்தரன் உலகக் கூட்டமைப்பு அனபாப்டிஸ்டுகளை, அதாவது நீங்கள் சொன்ன அந்த சூரிச் கூட்டத்தைப் போன்றவர்களை, துன்பப்படுத்தியதற்காக அவர்கள் வழிவந்த மெனோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 2007-இல், ஜெர்மனியின் மாக்டபுர்க்கில் 11 சபைகள் ஒன்றின் ஞானஸ்நானத்தை மற்றொன்று ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டன. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன் எல்லோரும் அதில் உண்டு. பாப்டிஸ்டுகளும் மெனோனைட்டுகளும் போடவில்லை. மனச்சாட்சிக்கு விரோதமாக அவர்கள் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஆறாத வருத்தம் 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் நடந்த பேச்சுதான். சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சூரிச்சின் ஸ்விங்லியும் 15 குறிப்புகளில் 14-க்கு ஒத்துப்போனார்கள், கடைசிக் குறிப்பிலும் பெரும்பகுதியை ஒப்புக்கொண்டார்கள், அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் எப்படி இருக்கிறது என்ற ஒரே கேள்வியில் பிரிந்தார்கள். அது உண்மையான உபதேசக் கேள்வி என்றாவது சொல்லலாம். 1845-இல் அமெரிக்காவில் தென்பகுதி பாப்டிஸ்டுகள் தனியாகப் போனது அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சண்டையில். அதற்கு மன்னிப்புக் கேட்க 1995 வரை ஆனது. எல்லாப் பிரிவையும் "சத்தியத்துக்காக" என்ற ஒரே பையில் போட முடியாது.

பெரேயாக்காரன்:
ஐயா, கலாத்தியர் பகுதியைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கு சண்டைக்காக வைத்தது இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் முதலில் ஞானஸ்நானம், அப்புறம்தான் அப்பம் பிட்குதல். அந்த வரிசையை நாங்களாக மாற்ற முடியுமா?

பழைய ஏடு:
உங்கள் பக்கத்து ஆள் ஒருவரே மாற்றியிருக்கிறார். 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பன்யன். விசுவாசிகளுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று நம்பியவர், ஆனால் அதில் கருத்து வேறுபட்ட விசுவாசியைத் திருவிருந்திலிருந்து தள்ளக்கூடாது என்று 1673-இல் ஒரு புத்தகமே எழுதினார். லண்டன் பாப்டிஸ்ட் போதகர்கள் அவரை எதிர்த்து எழுதினார்கள். அவர் அசையவில்லை.

பெரேயாக்காரன்:
பன்யன் அப்படி எழுதியது எனக்குத் தெரியாது, தேடிப் படிக்கிறேன். சிஸ்டர், உங்களுடையதை ஞானஸ்நானம் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை, சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் நான்கு வருடம் தட்டு உங்களைத் தாண்டிப் போனது சரியென்றும் சொல்ல முடியவில்லை. பாஸ்டரிடம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசாதீர்கள், பந்தியைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

கடுகுவிதை:
இரண்டையும் பிரித்துக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பிரதர். கணவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறேன். மறுபடி தண்ணீரில் இறங்க மாட்டேன் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஐயா, அந்தப் பன்யன் புத்தகத்தின் பெயரைக் கொஞ்சம் எழுதிப் போடுங்கள், கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.