ஒரே தொண்டையில் இரண்டு குரலா?

கேள்வி: நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு மங்கோலியாவின் கூமி என்ற தொண்டைப் பாட்டு கேட்டேன். கீழே தடித்த ரீங்காரம், மேலே விசில் போல மெல்லிய மெட்டு. பாடுவது ஒரே ஆளாம்! எப்படி?

பதில் 1: ஒரே ஆள்தான். எந்தக் குரலிலும் அடிச் சுருதிக்கு மேல் துணைச் சுரங்கள் ஒளிந்திருக்கும். நாக்கையும் உதட்டையும் மாற்றி மாற்றி வைத்து, அதில் ஒன்றை மட்டும் பெரிதாக்குகிறார்கள். நானும் ஒரு மாதம் முயன்றேன். கொட்டாவிதான் வந்தது.

பதில் 2: எனக்கு இதுபோல ஒரு குழப்பம் பாலித் தீவின் கமெலான் என்ற வாத்தியக் குழு இசையில். சுருதி பிசகிவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஜோடி வாத்தியங்களை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கித்தான் சுருதி சேர்க்கிறார்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ஒலி அலையடிக்கிறது.

கேட்டவர்: சரி, இன்று கமெலான். கூமிப் பயிற்சி கதவைச் சாத்திக்கொண்டுதான்.