கலைச்சொல் பட்டியலுக்கு ஒரு சொல் வேண்டும்: எதிர்பார்ப்பே நம்மை அறியாமல் தசையைச் சிறிது அசைத்துவிடும் ‘ஐடியோமோட்டர்’ (ideomotor). இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘கருத்தியக்கம்’ சரிவருமா? மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

வேண்டாம் ஐயா. படிப்பவர் ஏதோ கொள்கைப் பிரசாரம் என்று நினைப்பார். கையில் என்ன நடக்கிறதோ அதை வைத்தே பெயரிடுவோம்.

25 செ.மீ. நூலில் தொங்கும் குண்டு ஒருமுறை போய்வர ஏறக்குறைய 1 நொடி. அதே தாளத்தில் விரல் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் போதும், ஒத்ததிர்வால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். பிடித்திருப்பவர் “நான் அசைக்கவே இல்லை” என்பார். பொய்யில்லை, அவருக்குத் தெரியாது. நீரோட்டம் பார்க்கும் கவைக்குச்சியும் அப்படித்தான். இரு கிளைகளையும் வெளிப்பக்கமாக வளைத்து இறுக்கிப் பிடிப்பதால் அது நிலையற்ற சமநிலையில் நிற்கிறது. மணிக்கட்டு இம்மி திரும்பினால் சட்டென்று சுண்டிவிடும்.

> அப்படியானால் ‘தன்னறியா அசைவு’?

ரொம்ப அகலம். தூக்கத்தில் புரள்வதும் அதில் அடங்கிவிடும். அனிச்சைச் செயலும் இதுவல்ல. அதற்கு உடலில் ஏதாவது ஒரு தூண்டல் படவேண்டும், இங்கே தூண்டுவது எதிர்பார்ப்பு. பாதரசத்தின் மேல் ஆடிய ஊசல், நடுவே கண்ணாடித் தட்டை வைத்தால் நிற்பதை பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் கண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தபோது தட்டு இருந்தாலும் எடுத்தாலும் வேறுபாடில்லை. இதை அவர் 1833இல் வெளியிட்டார். ஆங்கிலேய உடலியலாளர் கார்ப்பென்டர் ஐடியோமோட்டர் என்று பெயரிட்டது 1852இல். என் பரிந்துரை: ‘எண்ணவழி அசைவு’.

> எண்ணவழி அசைவு

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘எண்ணத்தால் பொருள் அசைகிறது’ என்று பொருள்கொள்ள இடமுண்டு. எதை மறுக்க இந்தச் சொல் வேண்டுமோ, அதற்கே சான்றாகிவிடும்! பலர் சுற்றி அமர்ந்து கை வைத்தால் மேசை தானாக நகரும் என்ற ‘மேசை சுழற்றலை’ அறிவியலாளர் ஃபாரடே 1853இல் சோதித்ததும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி இளகிய பசையால் ஒட்டினார். மேசை தானாக நகர்ந்திருந்தால் கீழட்டை முந்தியிருக்கும், முந்தியதோ மேலட்டை. அடுத்து, கையின் தள்ளலைக் காட்டும் முள் ஒன்றைப் பொருத்தினார். அமர்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வரையில் மேசை நகரவில்லை. ஆகவே தசையைச் சொல்லுக்குள் கொண்டுவரவேண்டும்: ‘எண்ணவழித் தசையசைவு’. நீளம்தான், பரவாயில்லை.

> எண்ணவழித் தசையசைவு

ஏற்கிறேன். ‘விளைவு’ என்று பின்னொட்டு வேண்டாம், அசைவே விளைவுதானே. விளக்கத்தில் ‘விருப்பமுயற்சி இன்றி, எதிர்பார்ப்பு தூண்டும் சிறு தசை அசைவு’ என்று போடலாம். எடுத்துக்காட்டு: ஊசல், கவைக்குச்சி, ஆவிப்பலகை (ஆவிகளிடம் பதில் கேட்கும் எழுத்துப் பலகை). ‘உளவிசை’ (மனத்தால் பொருளை அசைப்பதாகச் சொல்லப்படும் ஆற்றல்) பதிவோடு ‘காண்க’ போட்டு இணைக்கவேண்டாம்.