சான் ஜிமிஞானோ: ஒரே பகலில் ஆலயங்கள், மாளிகை – எந்த வரிசையில் பார்ப்பது?

ஊர்சுற்றி: இத்தாலியின் புளோரன்சிலிருந்து, கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞானோவுக்குக் காலையில் போய் மாலை திரும்பத் திட்டம். கோபுரங்களைவிடச் சுவரோவியங்களில்தான் ஆர்வம். எதை முதலில் பார்க்கலாம்? எங்கே சிக்கல் வரும்?

சுண்ணச்சுவர்: ஊருக்கு ரயில் கிடையாது. போஜ்ஜிபோன்சியில் இறங்கி 130ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிறு வேண்டாம்: பஸ் குறைவு, காலையில் திருப்பலி வேறு.

முதலில் கொலெஜாத்தா ஆலயம். முகப்புப் படிக்கட்டில் ஏறிக் காத்திருக்காதீர்கள், டிக்கெட்டும் நுழைவும் பக்கத்து முற்றத்தில். இப்படிப் பக்கவாட்டில் நுழைவதால் பலர் ஓவியக் கதையை நடுவிலிருந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நேரே முகப்புச் சுவரோரம் போய், பீடத்தைப் பார்த்து நில்லுங்கள். இடப்பக்கம் ஓவியர் பர்த்தோலோ தி ஃப்ரெதியின் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் (1367). மேல்வரிசையில் உலகப் படைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். வலப்பக்கம் புதிய ஏற்பாடு. அதே பக்கத்தில் இவ்வூர்ப் புனிதையான ஃபீனாவின் சிற்றாலயம். கிர்லாந்தாயோ வரைந்த அடக்கக் காட்சியில், ஃபீனாவின் உயிரற்ற கை தாதியின் முடங்கிய கையைத் தொடுகிறது. பின்னணியில் இதே ஊரின் கோபுரங்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

மாடக்குழி: ஆலயத்துக்குப் பக்கத்திலுள்ள நகராட்சி மாளிகையை அவசரமாக முடித்துவிடாதீர்கள். 1300 மே 8 அன்று கவிஞர் தாந்தே தூதராக வந்து பேசிய மண்டபத்தில் லிப்போ மெம்மியின் மாதா ஓவியம் (1317). பிற்காலத்தில் சுவரில் கதவு திறந்ததில் கீழ்ப்பகுதி சிதைந்தது. பெனோட்சோ கோட்சோலி 1467இல் சரிசெய்தார். மேலே போதெஸ்தாவின் (நகரத் தலைமை நிர்வாகியின்) அறையில், தம்பதி ஒரே மரத்தொட்டியில் குளித்து, பிறகு படுக்கைக்குப் போகும் காட்சி இருக்கிறது. அரசு அலுவலகத்தில் இதை யார் கேட்டார்களோ! பெரிய கோபுரம் 54 மீட்டர். முட்டி வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

சுண்ணச்சுவர்: ஆம், அந்த அறையை விடக்கூடாது. ஆனால் சான்த் அகோஸ்தீனோ ஆலயத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரின் வடகோடியில் இருப்பதால் கூட்டம் குறைவு. பீடத்தின் பின்னே கோட்சோலி வரைந்த அகுஸ்தீனார் வாழ்க்கை, 17 காட்சிகள். இடச்சுவரில், அம்பெய்யப்பட்ட புனிதரும் கொள்ளைநோய்க் காவலருமான செபஸ்தியார் முழு உடையோடு நின்று மேலாடையால் மக்களை மூடுகிறார், அம்புகள் முறிந்து விழுகின்றன. 1464 கொள்ளைநோயின்போது வரைந்தது. கொலெஜாத்தாவில் அதே ஓவியர் வரைந்த செபஸ்தியார் உடலெங்கும் அம்பு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

சான்த் அகோஸ்தீனோவை நடுப்பகலில் சாத்திவிடுவார்கள், அதனால் மாளிகையை மதியத்தில் வைத்து, இதைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.