புதுப்பிப்பு: புது ஆடியோ கருவி செருகியதும் நீலத்திரை – காரணம் கிடைத்தது

யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கர் போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் கருவி) ஒன்றைச் செருகியதிலிருந்து, ஸ்லீப்பிலிருந்து எழும்போதெல்லாம் கணினி நீலத்திரை காட்டி விழுகிறது என்று எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

மின்சாரம் போதவில்லையோ என்று பலர் கேட்டீர்கள். நியாயமான சந்தேகம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். தனி மின்சாரம் இல்லாத ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) அதையே எல்லாக் கருவிகளுக்கும் பங்கு போடும். ஆனால் நான் வைத்திருந்த ஹப்பை எடுத்துவிட்டு, கருவியை நேரடியாகக் கணினியில் செருகியும் அதே கதை.

துப்பு கொடுத்தது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்பு, அதாவது கணினி விழும்போது பதிவாகும் சிறு குறிப்பு. பிழை எண் 0எக்ஸ்9எஃப்: ஸ்லீப்புக்குப் போகும்போதோ எழும்போதோ ஏதோ ஒரு டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஒத்துழைக்கவில்லை என்று பொருள். அந்தக் கோப்பை விண்டிபிஜியில் (மைக்ரோசாஃப்டின் பிழை ஆராயும் கருவி) திறந்தால், கருவியோடு வந்த டிரைவரின் பெயரே நின்றது. (நீலத்திரையே வராமல் கணினி சட்டென்று அணைந்தால் அது வேறு விஷயம், அங்கே முதலில் மின்சாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.)

தீர்வு, அந்த டிரைவரை நீக்குவதுதான். டிவைஸ் மேனேஜரில் கருவியை அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவரையும் நீக்கு என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் மறுபடி செருகியதும் அதே டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் 10, 1703 பதிப்பிலிருந்து யுஎஸ்பி ஆடியோ 2.0 என்ற ஆடியோ கருவிகளுக்கான தரநிலைக்கு விண்டோஸிலேயே சொந்த டிரைவர் இருக்கிறது. இப்போது ஓடுவது அதுதான். கருவியின் மிக்ஸர் செயலி மட்டும் போச்சு, அதனால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. தயாரிப்பாளர் புது டிரைவர் வெளியிட்டால் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.