ஒத்த ரூபாயா ரெண்டு ரூபாயா? காயின் டிசைன் சண்டை

பாலாறு_மணல்: நேத்து வேலூர் லாங் பஜார்ல கீரை வாங்கிட்டு ரெண்டு ரூபான்னு நெனச்சு 2007ல வந்த கட்டைவிரல் போட்ட ஒத்த ரூபாயை குடுத்துட்டேன், அந்தம்மா இன்னா தம்பி ஏமாத்துறியான்னு கேட்டுச்சு, மானமே போச்சு. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வச்சு பாத்தா அதுவும் 2011 ரெண்டு ரூபாயும் ஒரே 25 மில்லிமீட்டர், வெயிட்டும் ஒரே 4.85 கிராம், ரெண்டும் ஸ்டீல்! வெளிய விடறதுக்கு முன்னாடி பேட்டர்ன் காயின்னு சோதனைக்கு கொஞ்சம் அடிச்சு பஜார்ல நாலு பேர் கையில குடுத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாங்க.

மண்டித்தெரு_மளிகை: சோதனையும் வேணாம் புதுசும் வேணாம், மாத்தாம இருந்தா போதும். பத்து ரூபாயில 14 டிசைன், எல்லாமே செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018லயே சொல்லியாச்சு, நம்ம ஊர்ல இன்னும் கையை பின்னாடி இழுக்கறான். நம்ம ஆற்காடு ரூபாயை பாரு, கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல 1812க்கு அப்புறம் மெஷின்ல அடிச்சப்பவும் எப்பவோ செத்த முகலாய ராஜா ரெண்டாம் ஆலம்கீர் பேரு, இஸ்லாமிய காலண்டர்ல ஹிஜ்ரி 1172ங்கற பழைய வருஷம், எதையும் மாத்தல. மாத்தினா சனம் வாங்காதுன்னு தெரியும்.

பாலாறு_மணல்: அண்ணே அது வெள்ளி, வெள்ளிக்காகவே வாங்குவான், இந்த ஸ்டீலுக்கு இன்னா மதிப்பு கீது? இங்கிலாந்துல எட்டாம் எட்வர்டுக்கு 1937ன்னு போட்டு 12 பக்க மூணு பென்னி அடிச்சு ஸ்லாட் மெஷின்காரங்களுக்கு டெஸ்ட் பண்ண குடுத்தாங்க. ராஜா முடியையே விட்டுட்டு போயிட்டாரு, ஆனா அந்த வடிவம் அடுத்த ராஜா காலத்துல ஓடுச்சு.

மண்டித்தெரு_மளிகை: மெஷின்காரனுக்கு குடுத்தான், கீரைக்காரம்மாவுக்கு குடுத்தானா?

எக்ஸ்ரே_ரூம்: நடுவுல வரேன். காப்பர் விலை ஏறுச்சுன்னு அமெரிக்காவுல 1974ன்னு போட்டு அலுமினியத்துல ஒரு சென்ட் 15 லட்சத்துக்கு மேல அடிச்சாங்க. குழந்தை முழுங்கினா எக்ஸ்ரேல சரியா தெரியாதுன்னு குழந்தை டாக்டருங்க சொன்னாங்க, மெஷின்காரங்களும் வேணாம்னாங்க, கடைசில ஏறக்குறைய எல்லாத்தையும் உருக்கிட்டாங்க. தொண்டையில காயினோட வர்ற பிள்ளைங்களை பாக்குறவன் நான், சோதனை வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க மளிகை.

மண்டித்தெரு_மளிகை: சரி, அது நியாயம், ஒத்துக்கறேன். ஆனா கண்ணு தெரியாத எங்க தாத்தா 11 மூலை ரெண்டு ரூபா, பூ மாதிரி பத்து பைசா, சதுரமா அஞ்சு பைசா எல்லாத்தையும் தடவியே சொல்லுவாரு. அதையெல்லாம் ஒழிச்சுட்டு எல்லாத்தையும் வட்டமாக்கிட்டு இப்ப புதுசா தேடறானாம்!

பாலாறு_மணல்: அதுக்குத்தானே 2019ல 20 ரூபாயை 12 பக்கமா அறிவிச்சாங்க, தடவி பாத்தாலே தெரியும். உங்க கடையில வாங்குவீங்களா மாட்டீங்களா?

மண்டித்தெரு_மளிகை: வாங்குவேன்பா, சில்லறையா திருப்பி குடுத்தா எவன் வாங்கறான்? டப்பால முப்பதுக்கு மேல கெடக்குது, நோட்டு குடுத்துட்டு எடுத்துனு போ.