பஞ்சு மிட்டாய் மாதிரி: அம்மோனியாவில் இறங்காத இளஞ்சிவப்பு

வடிதாள் எழுதியது:

வணக்கம். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாயில் என்ன நிறமி இருக்கிறது என்று அறிய, அதை நீரில் கரைத்து, அசிட்டிக் அமிலம் சேர்த்து, கொழுப்பு நீக்கிய வெள்ளைக் கம்பளி நூலை இட்டுக் காய்ச்சினேன். நூலில் நிறம் நன்றாக ஏறியது, அலசியும் போகவில்லை. ஆனால் அந்த நூலை நீர்த்த அம்மோனியாவில் போட்டுச் சூடாக்கியபோது, அனுமதிக்கப்பட்ட சிவப்பு நிறமிகளான கார்மோசினும் பொன்சோ 4ஆரும் இறங்குவது போல இது இறங்காமல், பெரும்பகுதி நூலிலேயே நின்றுவிட்டது. கரைசலில் வந்த சிறிதளவு நிறத்தைத் தாள் குரோமட்டோகிராபியில் (தாளில் கரைப்பானை ஏறவிட்டு நிறமிகளைப் பிரிக்கும் முறை) ஓட்டிப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட சிவப்பு நிறமிகள் எதனோடும் பொருந்தவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? எங்களிடம் கலவையைத் திரவத்தோடு குழாயில் செலுத்திப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவி உண்டு, மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லை.

குடுவை எழுதியது:

நீங்கள் பார்த்தது சோதனையின் தோல்வி அன்று. அதுவே ஒரு தடயம். நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுச் செயற்கை நிறமிகளும் அமிலச் சாயங்கள். அவை அமிலக் கரைசலில் கம்பளியைப் பற்றிக்கொண்டு, காரத்தில் விட்டுவிடும். காரச் சாயங்களின் போக்கு இதற்கு நேர்மாறானது: அம்மோனியா கலந்த கரைசலிலிருந்து நூலில் ஏறி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் காய்ச்சும்போது இறங்கும். உணவில் தடை செய்யப்பட்ட இளஞ்சிவப்புச் சாயமான ரோடமின் பி காரச் சாயங்களோடு வைத்து எண்ணப்பட்டாலும் அதன் மூலக்கூறில் கார்பாக்சில் தொகுதியும் இருப்பதால் அமிலத்திலும் நூலைப் பிடிக்கிறது. ஆனால் அம்மோனியாவுக்கு எளிதில் அசைந்து கொடுக்காது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அதையடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே இந்தச் சாயத்தால்தான் என்பதை நினைவில் வைத்தால், முதல் சந்தேகம் அதன்மேல் விழுவது இயல்பு.

சந்தேகத்தை உறுதியாக்க விலை உயர்ந்த கருவி எதுவும் உடனே தேவையில்லை. மாதிரிக் கரைசலில் அம்மோனியா சேர்த்துக் காரமாக்கி, பிரிபுனலில் ஈதருடன் குலுக்குங்கள். ரோடமின் பி ஈதர் அடுக்குக்கு நகரும். ஆனால் அங்கே அதன் மூலக்கூறு லாக்டோன் வளையமாக மூடிக்கொள்வதால் அந்த அடுக்கு நிறமற்றே தெரியும். ஈதரில் ஒன்றும் வரவில்லை என்று எண்ணி அதைக் கொட்டிவிடாதீர்கள். அதைத் தனியே பிரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலம் சிறிது விட்டுக் குலுக்கினால், அடியில் தங்கும் அமில அடுக்கில் இளஞ்சிவப்பு பளிச்சென்று திரும்பி வரும். அனுமதிக்கப்பட்ட நிறமியான எரித்ரோசினும் இதே சாயலில் இருப்பதால் குழப்பம் வரலாம். ஆனால் அது அமிலக் கரைசலிலிருந்துதான் ஈதருக்குப் போகும், காரத்தில் நீரிலேயே தங்கிவிடும். இந்த ஒரு வேறுபாடே இரண்டையும் பிரித்துக் காட்டப் போதும்.

அடுத்து, அந்த அமில அடுக்கைச் சுண்டவைத்து, வாட்மேன் 1 தாளில் ரோடமின் பி ஸ்டாண்டர்டுக்கு (தூய ஒப்பீட்டு மாதிரிக்கு) அருகில் ஒரு புள்ளியாகவும், ஸ்டாண்டர்டும் மாதிரியும் கலந்த இன்னொரு புள்ளியாகவும் வைத்து ஓட்டுங்கள். கலந்த புள்ளி இரண்டாகப் பிரியாமல் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின்கீழ் அது ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறமாலை எழுதியது:

எச்பிஎல்சி இருப்பதால் மேலும் ஒரு படி போகலாம். சி18 காலமில் (சேர்மங்களைப் பிரிக்கும் நிரப்பிய குழாயில்), அமோனியம் அசிடேட் பஃபருடன் மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ கலந்து, கரைப்பான் விகிதத்தைப் படிப்படியாக மாற்றி ஓட்டுவது வழக்கம். பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் அளக்கும் டையோடு அர்ரே டிடெக்டர் இருந்தால் ரோடமின் பிக்கு 550 நானோமீட்டரை ஒட்டி உச்சம் தெரியும். வெளிவரும் நேரம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. நிறமாலையின் வடிவத்தையும் ஸ்டாண்டர்டோடு ஒப்பிடுங்கள். வழக்குக்குப் போகக்கூடிய மாதிரி என்றால், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, ரோடமின் பியின் 443 நிறை கொண்ட அயனி 399ஆக உடைவதை உறுதி செய்துகொள்வது நல்லது.

அளவைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். தடை செய்யப்பட்ட சாயத்துக்கு வரம்பு என்று எதுவும் கிடையாது, இருப்பதே குற்றம். அனுமதிக்கப்பட்ட நிறமிகளுக்குத்தான், பெரும்பாலான உணவுகளில், ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற கணக்கு வருகிறது. அந்தக் கணக்கைக் கம்பளி நூலிலிருந்து இறக்கிய கரைசலை வைத்துப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஏறுவதிலும் இறங்குவதிலும் இழப்பு உண்டு. நீல நிறமியான இண்டிகோ கார்மின் காரத்தில் சூடாகும்போது நிறமே மங்கிவிடும். நிறமியற்ற அதே உணவில் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைச் சேர்த்து, எவ்வளவு மீண்டு வருகிறது என்று பார்க்காத எண்ணை நான் அறிக்கையில் எழுத மாட்டேன்.

வடிதாள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஈதர் சோதனையைச் செய்து பார்த்தேன். அமில அடுக்கு இளஞ்சிவப்பாக மாறியது. இதே வரிசையை மிளகாய்த் தூளுக்கும் மஞ்சள் தூளுக்கும் பயன்படுத்தலாமா?

குடுவை எழுதியது:

மஞ்சள் தூளில் தடை செய்யப்பட்ட சாயமான மெட்டானில் மஞ்சளைத் தேடுகிறீர்கள் என்றால் கம்பளி நூல் உதவும்; அது அமிலச் சாயம்தான். நிறமேறிய நூலில் ஒரு துளி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கருஞ்சிவப்பாக மாறும். தூளின்மேல் நேரடியாக அமிலம் ஊற்றி முடிவு சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: மஞ்சளின் சொந்த நிறமியான குர்குமினும் அடர் அமிலத்தில் சிவக்கும், நீர் சேர்த்தால் அந்தச் சிவப்பு மறையும்.

மிளகாய்த் தூளின் கதை வேறு. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் மிளகாய்ப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கக் காரணமான சூடான் 1 எண்ணெயில் கரையும் சாயம். நீரில் கரையாததால் கம்பளி நூல் வெள்ளையாகவே வெளியே வரும். அதைப் பார்த்து ‘செயற்கை நிறமி இல்லை’ என்று எழுதினால் அந்த அறிக்கை தவறு. தூளை அசிட்டோநைட்ரைலில் குலுக்கி, வடிகட்டி, நேராக எச்பிஎல்சிக்குக் கொண்டுபோங்கள். மிளகாயின் சொந்த நிறமிகளும் கூடவே கரைந்து வரும் என்பதால், சாயம் சேராதது என்று உறுதியாகத் தெரிந்த மிளகாயை வீட்டிலேயே அரைத்து, அதே நாளில் அதே முறையில் ஓட்டி, ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.